ஆய்வு ஆண்டு (அமெரிக்க மருத்துவக் கல்வி)

ஆய்வு ஆண்டு என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் நான்காண்டுப் படிப்பை இடையில் நிறுத்திவைத்து, ஓராண்டு காலத்தை முழுநேர மருத்துவ ஆய்வில் செலவிடுவதைக் குறிக்கும். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு தொடங்கும் முன் இது எடுக்கப்படுகிறது. இதனால் நான்காண்டுப் படிப்பு ஐந்தாண்டுப் படிப்பாகிறது. தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, எலும்பியல், காது மூக்கு தொண்டை மருத்துவம் போன்ற போட்டி மிகுந்த துறைகளில் சேர விரும்பும் மாணவர்களே இதை அதிகம் எடுக்கின்றனர்.

ஆய்வு செய்யக் கற்றுக்கொள்வதற்காக ஏற்பட்ட இந்த ஓராண்டு, இன்று சிறப்புத் துறை விண்ணப்பத்துக்கான தயாரிப்பு ஆண்டாகவும் ஆகிவிட்டது. இந்த இரு நோக்கங்களும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. இந்த ஆண்டு ஒருவருக்குப் பயன் தருமா, சுமையாகுமா என்பது வழிகாட்டி, கால அளவு, பணம் ஆகிய மூன்றையும் பொறுத்தது.

படிப்பில் இதன் இடம்

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு, நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பிறகே தொடங்குகிறது. மருத்துவக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகள் உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல் போன்ற அடிப்படைப் பாடங்களுக்கு உரியவை. பல கல்லூரிகள் இப்பகுதியை ஒன்றரை ஆண்டாகச் சுருக்கியுள்ளன. மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஒவ்வொரு பிரிவாகச் சுழன்று வார்டுகளில் பயில்கின்றனர். நான்காம் ஆண்டில் தாம் விரும்பும் துறையில் கூடுதல் பயிற்சி பெற்று, ரெசிடென்சி எனப்படும் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கின்றனர்.

எந்தத் துறைக்குச் செல்வது என்ற முடிவைப் பலர் மூன்றாம் ஆண்டின் சுழற்சிப் பயிற்சியின்போதுதான் எடுக்கின்றனர். அதற்கடுத்த சில மாதங்களிலேயே விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தாமதமாக ஒரு துறையைத் தேர்ந்துகொண்ட மாணவரிடம் அத்துறை சார்ந்த ஆய்வோ, அத்துறைப் பேராசிரியர்களின் அறிமுகமோ இருப்பதில்லை. அந்த இடைவெளியை நிரப்ப அவர் எடுக்கும் காலமே ஆய்வு ஆண்டு.

பிற ஏற்பாடுகளோடு வேறுபாடு

ஆய்வு ஆண்டையும் எம்.டி.-பிஎச்.டி. இரட்டைப் பட்டப் படிப்பையும் ஒன்றாகக் கருதக் கூடாது. இரட்டைப் பட்டப் படிப்பு பொதுவாக எட்டு ஆண்டுகள் வரை நீள்கிறது. மருத்துவராகவும் அறிவியலாளராகவும் வாழ்நாள் முழுதும் பணிபுரிய விரும்புவோருக்கானது அது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1964 முதல் அதற்கு நிதியளித்து வருகிறது. ஆய்வு ஆண்டின் முடிவில் தனிப் பட்டம் எதுவும் கிடைக்காது. சிலர் அந்த ஆண்டைப் பொதுச் சுகாதாரம் போன்ற பாடங்களில் முதுநிலைப் பட்டம் பெறப் பயன்படுத்துகின்றனர். அதற்குத் தனிக் கல்விக் கட்டணம் உண்டு.

சில கல்லூரிகளில் ஆய்வு பாடத்திட்டத்தின் பகுதியாகவே அமைந்துள்ளது. டியூக் பல்கலைக்கழகத்தில் அடிப்படைப் பாடங்களை ஓராண்டில் முடித்து, மூன்றாம் ஆண்டை மாணவர்கள் ஆய்வுக்கு ஒதுக்குகின்றனர். அங்கு படிப்பு நான்காண்டுக்குள்ளேயே அடங்குகிறது. யேல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி 1839 முதல் பட்டத்துக்கு ஆய்வேடு கேட்டு வருகிறது. கிளீவ்லாந்து கிளினிக் லெர்னர் கல்லூரி தொடக்கத்திலிருந்தே ஆய்வையும் உள்ளடக்கிய ஐந்தாண்டுப் படிப்பை நடத்துகிறது. இத்தகைய கல்லூரிகளில் படிக்காதவர்கள் தாமாகவே ஓராண்டு விடுப்பு எடுத்து ஆய்வு செய்கின்றனர்.

வரலாறு

மருத்துவ மாணவர் ஒருவர் ஓராண்டை ஆய்வுக்கு ஒதுக்குவது புதிய வழக்கமன்று. இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஜே மெக்லீன். இவர் 1915-இல் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்து, உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெலின் ஆய்வகத்தில் ஓராண்டு பணிபுரிய விரும்பினார். தாமாக ஒரு சிக்கலைத் தீர்க்க முடியுமா என்று பார்ப்பதே அவரது நோக்கம். இரத்தத்தை உறையச் செய்யும் கெஃபாலின் என்ற பொருளை ஆராயும் வேலையை ஹோவெல் அவரிடம் கொடுத்தார். மெக்லீன் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் அதற்கு நேர்மாறாக இரத்தம் உறைவதைத் தடுத்தது. இக்கண்டுபிடிப்பு 1916-இல் வெளியானது. இதைத் தொடர்ந்து ஆராய்ந்த ஹோவெலும் எம்மெட் ஹோல்ட்டும் 1918-இல் அத்தகைய பொருளுக்கு ஹெப்பரின் என்று பெயரிட்டனர். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மெக்லீன் கண்ட பொருளும் இன்றைய ஹெப்பரின் மருந்தும் வேதியியல் முறையில் ஒன்றல்ல என்பதால், கண்டுபிடித்த பெருமை யாருக்கு என்ற விவாதம் பின்னர் எழுந்தது. எனினும் அந்த ஆய்வுப் பாதை ஒரு மாணவரின் ஓராண்டுப் பணியில் தொடங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தகைய ஆண்டுக்கு முறையான உதவித்தொகைகள் ஏற்பட்டன. இதய நோய் ஆய்வுக்கான சார்னாஃப் அறக்கட்டளை 1979-இல் தொடங்கப்பட்டது. அது தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் தம் கல்லூரியை விட்டு வேறொரு நிறுவனத்துக்குச் சென்று ஓராண்டு ஆய்வு செய்கின்றனர். தேசிய சுகாதார நிறுவனம் 2012-இல் மருத்துவ ஆய்வு மாணவர் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்ட மாணவர்கள் மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டா வளாகத்தில் தங்கி ஆய்வு செய்கின்றனர். மருத்துவர்களிடையே ஆய்வாளர்களை உருவாக்குவதே இத்திட்டங்களின் நோக்கம்.

விண்ணப்பப் போட்டியும் ஆய்வும்

அமெரிக்காவில் ரெசிடென்சி இடங்களில் பெரும்பாலானவை மேட்ச் எனப்படும் பொருத்தல் முறையில் நிரப்பப்படுகின்றன. 1952-இல் தொடங்கிய இம்முறையில், மாணவர்கள் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்துகின்றனர். மருத்துவமனைகளும் தாம் நேர்காணல் செய்த மாணவர்களை வரிசைப்படுத்துகின்றன. கணினி இரு பட்டியல்களையும் பொருத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம் முடிவு வெளியாகும். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும்.

நேர்காணலுக்கு யாரை அழைப்பது என்று முடிவெடுக்க மருத்துவமனைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திய அளவுகோல், உரிமத் தேர்வின் முதல் கட்டமான ஸ்டெப் 1 மதிப்பெண். 2022 ஜனவரி 26 முதல் அத்தேர்வின் முடிவு தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. மாணவர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பது இம்மாற்றத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் போட்டி குறையவில்லை. மருத்துவமனைகளின் கவனம் இரண்டாம் கட்டத் தேர்வு மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், ஆய்வுப் பட்டியல் ஆகியவற்றின் மீது திரும்பியது.

பொருத்தலை நடத்தும் அமைப்பு, இடம் பெற்றவர்கள் மற்றும் பெறாதவர்களின் விவரங்களைத் துறை வாரியாக அவ்வப்போது வெளியிடுகிறது. 2022 அறிக்கையில் நரம்பியல் அறுவை சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி, தோல் மருத்துவம் ஆகிய மூன்றிலும் இடம் பெற்ற அமெரிக்க எம்.டி. மாணவர்களின் சராசரி ஆய்வு எண்ணிக்கை 20-ஐத் தாண்டியிருந்தது. குடும்ப மருத்துவம் போன்ற துறைகளில் இது மிகக் குறைவு.

இந்த எண்ணைப் படிப்பதில் கவனம் தேவை. இது இதழ்களில் வெளியான கட்டுரைகளை மட்டும் குறிப்பதன்று. ஆய்வுச் சுருக்கங்கள், மாநாட்டு போஸ்டர்கள், உரைகள், கட்டுரைகள் அனைத்தும் சேர்ந்த கூட்டுத்தொகை இது. ஒரே ஆய்வைக் கல்லூரி ஆய்வு நாளில் போஸ்டராக வைத்து, தேசிய மாநாட்டில் உரையாக அளித்து, பின்னர் கட்டுரையாக வெளியிட்டால் அது மூன்றாகக் கணக்கிடப்படும். மேலும் இடம் கிடைக்காதவர்களில் பலரிடமும் நீண்ட பட்டியல் இருக்கிறது. பட்டியலின் நீளம் மட்டும் இடத்தை உறுதிசெய்வதில்லை.

ஓராண்டின் கால அளவு

ஆய்வு ஆண்டு பெயரளவில் பன்னிரண்டு மாதங்கள் கொண்டது. விண்ணப்பத்துக்குப் பயன்படும் காலம் அதைவிடக் குறைவு. ஒரு மாணவர் 2025 ஜூலையில் ஆய்வைத் தொடங்குவதாகக் கொள்வோம். அவரது விண்ணப்பம் 2026 செப்டம்பர் இறுதியில் மருத்துவமனைகளின் பார்வைக்கு வரும். 2027 மார்ச்சில் முடிவு தெரியும். ரெசிடென்சி 2027 ஜூலையில் தொடங்கும். 2026 கோடை மாதங்களில் அவர் தம் துறையின் வார்டுகளில் இறுதியாண்டுப் பயிற்சியில் இருப்பார். அப்போது எழுதுவதற்கு நேரம் கிடைப்பது அரிது. எனவே உண்மையில் அவர் கையிலிருப்பது பத்து மாதங்களே.

அந்தப் பத்து மாதங்களில் நோயாளிகளின் தகவலைப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். இதற்கே சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம். பின்னர் தரவு திரட்டல், புள்ளியியல் பகுப்பாய்வு, எழுத்து, உடன் ஆசிரியர்களின் திருத்தம் ஆகியவை உள்ளன. இதழுக்கு அனுப்பிய கட்டுரை வல்லுநர் மதிப்பாய்வில் பல மாதங்கள் தங்கலாம். ஒரு இதழ் மறுத்தால் அடுத்த இதழில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இக்காரணங்களால் ஜூலைக்கு முன்பே ஒப்புதல் பெற்ற ஆய்வுக் குழுவில் சேருபவர்களுக்கு இந்த ஆண்டு அதிகம் பயன்படுகிறது.

ஆய்வின் வகைகள்

மாணவர்கள் செய்யும் பணிகளைப் பொதுவாக நான்காகப் பிரிக்கலாம்.

நோயாளர் பதிவேட்டு ஆய்வு: மருத்துவமனையில் ஏற்கனவே உள்ள பதிவுகளிலிருந்து தரவு எடுத்து ஆராய்வது. ஓராண்டுக்குள் முடிக்கக்கூடியது என்பதால் இதையே பலர் தேர்ந்தெடுக்கின்றனர்.

முறைசார் மீளாய்வு: ஒரு கேள்வி பற்றி வெளியான ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி மதிப்பிடுவது. நோயாளிகளின் தகவல் தேவையில்லாததால் நெறிமுறைக் குழு ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நோயாளிகளை நேரில் சேர்த்து நடத்தும் ஆய்வு: மருந்து அல்லது சிகிச்சை முறையை முன்னோக்கி ஆராய்வது. இதைத் தொடங்கி முடிக்க ஓராண்டு போதாது. நடந்துகொண்டிருக்கும் ஆய்வில் ஒரு பகுதியை ஏற்பதே வழக்கம்.

ஆய்வகப் பணி: செல்கள், விலங்குகள், மரபணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு செய்வது. ஆழ்ந்த பயிற்சி தரும். ஓராண்டில் கட்டுரை வெளிவராமலே போகவும் வாய்ப்புண்டு.

இவற்றில் எது மேலானது என்பதற்குப் பொது விதி இல்லை. நேர்காணலில் கேட்கப்படுவது பெரும்பாலும் பட்டியலைப் பற்றியதாக இருப்பதில்லை. கேள்வி ஏன் எழுந்தது, முறை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, முடிவின் குறை என்ன என்று கேட்பார்கள். பத்துக் கட்டுரைகளில் நடுவில் பெயர் வந்தும் எதையும் விளக்கத் தெரியாதவரைவிட, ஓர் ஆய்வை முதலிலிருந்து முடிவுவரை நடத்தியவருக்கு இக்கேள்விகள் எளிது.

வழிகாட்டி

ஆய்வு ஆண்டில் மாணவருக்குக் கிடைக்கும் மிக முக்கியமான பயன் பரிந்துரைக் கடிதம் என்று சொல்லலாம். மூன்றாம் ஆண்டுப் பயிற்சியில் ஒரு பேராசிரியர் மாணவரைச் சில வாரங்களே பார்க்கிறார். ஆய்வு ஆண்டில் ஓராண்டு முழுதும் பார்க்கிறார். சிறிய துறைகளில் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் அவர்களின் சொல்லுக்கு எடை அதிகம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மாணவரின் எதிர்காலம் ஒரே மனிதரின் கருத்தைச் சார்ந்துவிடுகிறது. வழிகாட்டி வேறு மருத்துவமனைக்கு மாறலாம். வேலை வாங்கிக்கொண்டு பெயர் சேர்க்காமல் விடலாம். தரவு உள்ளிடுவதற்கு மட்டும் மாணவரைப் பயன்படுத்தலாம். கடிதம் தேவைப்படும் மாணவர் இதை வெளியில் சொல்லத் தயங்குவார். எனவே சேரும் முன்பே அதே குழுவில் பணிபுரிந்த முந்தைய மாணவர்களிடம் விசாரிப்பதும், கட்டுரைகளில் பெயர் வரிசை பற்றி எழுத்தில் பேசிக்கொள்வதும் நல்ல வழக்கங்களாகக் கருதப்படுகின்றன.

செலவு

கடன் வாங்கி மருத்துவம் படிக்கும் அமெரிக்க மாணவர்களின் இடைநிலைக் கடன் பட்டம் பெறும்போது சுமார் 2 லட்சம் டாலர். ஆய்வு ஆண்டில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை அல்லது குறைவு. ஆனால் வீட்டு வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவை தொடர்கின்றன. முன்பு வாங்கிய கடனுக்கு வட்டியும் வளர்கிறது. 1.5 லட்சம் டாலர் கடனுக்கு 7 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 10,500 டாலர் சேரும்.

இந்த ஆண்டில் மாணவர் கல்லூரிப் பதிவேட்டில் எப்படிக் குறிக்கப்படுகிறார் என்பதும் முக்கியம். பதிவு செய்த மாணவராகத் தொடர்ந்தால் அரசுக் கடனைத் திருப்பிச் செலுத்துவது தள்ளிவைக்கப்படுகிறது. விடுப்பில் சென்றவராகக் குறிக்கப்பட்டால் ஆறு மாத அவகாசக் காலம் ஓடத் தொடங்கும். அது முடிந்தபின் தவணை கட்ட வேண்டி வரலாம். எனவே கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் இதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

தேசியத் திட்டங்களில் உதவித்தொகை உண்டு. துறைகள் தாமே அளிக்கும் இடங்களில் சிலவற்றுக்குச் சம்பளம் உண்டு, சிலவற்றுக்கு இல்லை. இவற்றோடு, சிறப்பு மருத்துவராகச் சம்பாதிக்கத் தொடங்குவதும் ஓராண்டு தள்ளிப்போகிறது.

விமர்சனங்கள்

முதல் விமர்சனம் சமத்துவம் பற்றியது. சம்பளமில்லாமல் ஓராண்டு இருக்க முடிந்தவர் வசதியான குடும்பத்தவர். குடும்பத்தைத் தாங்க வேண்டியவர், குழந்தை உள்ளவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி ஆகியோருக்கு அது எளிதன்று. சில மருத்துவக் கல்லூரிகளில் நரம்பியல் அறுவை சிகிச்சைக்கோ தோல் மருத்துவத்துக்கோ சொந்தமாக ரெசிடென்சி இடங்களே இல்லை. அங்கு படிப்பவர்கள் வழிகாட்டியைத் தேடி வேறு நகரத்துக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. ஆய்வு ஆண்டு எழுதப்படாத தகுதியாக மாறும்போது, அத்துறைகளுக்கு யார் வருகிறார்கள் என்பதையும் அது பாதிக்கிறது.

இரண்டாவது விமர்சனம் ஆய்வின் தரம் பற்றியது. எண்ணிக்கையை நோக்கி எழுதும்போது சிறு சிறு துண்டுகளாக வெளியிடுவதும், யாருக்கும் பயன்படாத கட்டுரைகள் பெருகுவதும் நடக்கின்றன. வெளிவராத கட்டுரைகளை வெளிவந்ததாக விண்ணப்பத்தில் காட்டும் முறைகேடுகளையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டால் விண்ணப்பம் அத்துடன் முடிந்துவிடும்.

மூன்றாவது, எண்ணிக்கைப் போட்டி தானாக வளர்கிறது. எல்லோரும் ஓராண்டு கூடுதலாக எடுத்தால் யாருக்கும் முன்னிலை கிடைப்பதில்லை. இடங்கள் அதே எண்ணிக்கையில் இருக்க, காத்திருக்கும் காலம் மட்டும் எல்லோருக்கும் கூடுகிறது.

ஆதரிப்போர் வேறு பக்கத்தைச் சுட்டுகின்றனர். சான்றுகளை எடைபோடத் தெரிந்த மருத்துவர் உருவாகிறார். மூன்றாம் ஆண்டின் களைப்புக்குப் பிறகு யோசிக்க நேரம் கிடைக்கிறது. தாம் விரும்பிய துறை உண்மையிலேயே தமக்கு ஏற்றதா என்று சோதித்துப் பார்த்து, ஆண்டின் முடிவில் வேறு துறைக்கு மாறியவர்களும் உண்டு.

இந்திய முறையோடு ஒப்பீடு

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றலாம். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணியும் கொண்டது. பட்ட மேற்படிப்பு இடங்கள் நீட்-பிஜி தேர்வின் தரவரிசைப்படி நிரப்பப்படுகின்றன. எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற நிறுவனங்களுக்குத் தனித் தேர்வு உண்டு. இவற்றில் ஆய்வுக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் இல்லை. எனவே இங்கு ஓராண்டை ஒதுக்குவோர் அதைத் தேர்வுக்குப் படிக்கவே ஒதுக்குகின்றனர். ஆய்வேடு எழுதும் கடமை எம்.டி., எம்.எஸ். இடம் கிடைத்த பிறகே வருகிறது. இளநிலை மாணவர்களுக்கென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் இரண்டு மாத கால அளவு கொண்டது.

இந்தியா, இலங்கை போன்ற நாடுகளில் பட்டம் பெற்று அமெரிக்க ரெசிடென்சிக்கு முயல்வோரிலும் பலர் அங்குள்ள மருத்துவமனைகளில் ஓரிரு ஆண்டுகள் ஆய்வாளராகப் பணிபுரிகின்றனர். இது மாணவரின் ஆய்வு ஆண்டிலிருந்து வேறுபட்டது. அவர்களுக்குத் திரும்பிச் செல்லக் கல்லூரி இல்லை. தங்கியிருக்க விசா தேவை. பட்டம் பெற்று ஆண்டுகள் கூடக்கூட விண்ணப்பத்தின் வலிமை குறையலாம். ஆய்வுப் பணி அமெரிக்க நோயாளர் அனுபவமாகவும் கருதப்படுவதில்லை. சம்பளமில்லாத இடத்தை ஏற்கும் முன் இவற்றை எண்ணிப்பார்ப்பது அவசியம்.

முடிவெடுக்கும் முன்

ஆய்வு ஆண்டு எடுக்க நினைக்கும் மாணவர் தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள்ளன.

1. என் விண்ணப்பத்தின் குறை எது? தேர்வு மதிப்பெண் குறைவு என்றால் ஆய்வு அதை முழுமையாக ஈடுசெய்யாது.
2. வழிகாட்டி யார்? அவரிடம் முன்பு பணிபுரிந்த மாணவர்கள் என்ன ஆனார்கள்?
3. ஜூலையில் தொடங்கக்கூடிய ஒப்புதல் பெற்ற ஆய்வு இருக்கிறதா?
4. ஓராண்டுச் செலவுக்கு வழி என்ன? கடனும் காப்பீடும் என்ன ஆகும்?
5. நோயாளிகளைப் பார்க்கும் பழக்கம் விட்டுப்போகாமலிருக்க வாரம் ஒருமுறையேனும் கிளினிக் செல்ல முடியுமா?
6. விரும்பிய துறையில் இடம் கிடைக்காமல் போனாலும் இந்த ஓராண்டு எனக்குப் பயனுள்ளதாக இருக்குமா?

கடைசிக் கேள்விக்கு ஆம் என்று விடை சொல்லக்கூடியவருக்கு, மார்ச் மாத முடிவு எப்படி அமைந்தாலும் அந்த ஓராண்டு இழப்பாவதில்லை. இல்லை என்று தோன்றினால், படிப்போடு சேர்த்தே சிறு ஆய்வுகளைச் செய்து, குறித்த காலத்தில் விண்ணப்பிப்பது பலருக்குப் பொருத்தமான வழியாகும்.